குழாயில் காற்று வருதா? கிணற்றைக் குறை சொல்லும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

“மோட்டார் ஓடுது, கரண்டும் நல்லா இருக்கு, ஆனா குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்துதான் வருது அண்ணாச்சி.” சித்திரை, வைகாசி வந்துவிட்டால் நெல்லைச் சீமையில் இந்தப் புலம்பல் கேட்காத ஊர் இல்லை. கேட்டவர்களிடமிருந்து உடனே மூன்று யோசனைகள் வரும். ஒருத்தர் “பெரிய எச்.பி. மோட்டாரா மாத்திருங்க” என்பார். அடுத்தவர் “கிணத்துக்குள்ள சைடு போர் போடுங்க” என்பார். மூன்றாமவர் “இதை மூடிட்டுப் புதுசா ஆழமா ஒரு போர் போட்ருங்க” என்று முடித்துவிடுவார்.

மூன்றுமே பெரிய செலவு. அதைவிட முக்கியம், மூன்றுமே நிலத்தடி நீரை இன்னும் வேகமாக உறிஞ்சுகிற வழி. ஆனால் பல வீடுகளில் உண்மையான குறை ஒரு ரப்பர் வாசரிலோ, தளர்ந்துபோன ஒரு யூனியனிலோதான் இருக்கிறது. இன்னும் சில வீடுகளில் கிணறு உண்மையிலேயே வற்றிக்கொண்டிருக்கும். அங்கே எத்தனை வாசர் மாற்றினாலும் பயன் இல்லை.

ஆகவே கேள்வி ஒன்றுதான். காற்று குழாயில் நுழைகிறதா, இல்லை கிணற்றில் தண்ணீர் போதாமல் வருகிறதா? இதைத் தெரிந்துகொள்ள மெக்கானிக் வேண்டாம். ஒரு கடிகாரம், ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு வாளி, கொஞ்சம் சோப்பு நுரை போதும்.

முதல் சோதனை: காற்று எப்போது வருகிறது?

இரண்டு மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். மோட்டார் போட்ட நேரம், காற்று வந்த நேரம், நின்ற நேரம். இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

போட்டவுடன் கொஞ்ச நேரம் காற்று வந்து, பிறகு தண்ணீர் சீராக வந்தால், மோட்டார் நின்றிருந்த நேரத்தில் குழாயில் இருந்த தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது. ஃபுட் வால்வோ, நீர்மூழ்கி மோட்டார் தலையில் உள்ள ஒருவழி வால்வோ சரியாக அடைக்கவில்லை.

முதலில் தண்ணீர் நன்றாக வந்து, அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துக் காற்று கலந்தால், நீர்மட்டம் இறங்கி ஃபுட் வால்வை எட்டிவிட்டது. குறை குழாயில் இல்லை, ஊற்றில்.

போட்டதிலிருந்து நிறுத்தும் வரை தண்ணீரும் காற்றும் மாறி மாறி வந்தால், பெரும்பாலும் சக்‌ஷன் பக்கம் எங்கோ ஓட்டை இருக்கிறது.

மோட்டார் ஓடும்போது தொட்டிக்குத் தண்ணீர் சீராக ஏறுகிறது, வீட்டுக்குழாயில் மட்டும் காற்று என்றால், கிணற்றுப் பக்கமே போக வேண்டாம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை: டம்ளர்

தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து மேசை மேல் வையுங்கள். அடியிலிருந்து மேலே தெளிந்துகொண்டு வந்தால் அது காற்றுக் குமிழி. மேலிருந்து கீழே தெளிந்து, அடியில் படிந்தால் அது மண் அல்லது வண்டல். அழுகிய முட்டை வாடை அடித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கிணற்று அடியில் இலைதழை அழுகும்போது வரும். அப்படி வாடை அடிக்கிற கிணற்றின் அருகே தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம். கூடவே மீத்தேனும் இருக்கலாம், அது தீப்பிடிக்கும்.

மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை

மேலே கரையில் வைத்த மோனோபிளாக் மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்றுதான் நாம் சொல்கிறோம். உண்மையில் மோட்டார் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்றுமண்டலம் கிணற்று நீரை அமுக்கிக் குழாய்க்குள் ஏற்றுகிறது. காற்றுமண்டலத்தின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் ஏறும். கடல் மட்டத்தில் அது சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. இத்தாலியில் கிணறு வெட்டியவர்கள் உறிஞ்சு பம்பு ஏறத்தாழ இந்த உயரத்துக்கு மேல் வேலை செய்யாததைக் கண்டு திகைத்தார்கள். அதற்குக் காரணம் காற்றின் எடை என்று 1643-ல் டாரிசெல்லியின் பாதரசச் சோதனை விளக்கியது.

34 அடி என்பது ஏட்டுக் கணக்கு. உராய்வு, வளைவு, பம்பின் தேய்மானம் எல்லாம் போக, நடைமுறையில் 20 முதல் 25 அடிதான். மோட்டாருக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இதைவிட அதிகம் ஆகிவிட்டால், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றே குமிழியாகப் பிரியும். பம்புக்குள் ஜல்லி உருளுகிற மாதிரி சத்தம் வரும். இம்பெல்லரை அது அரித்துத் தின்றுவிடும். இந்த நிலையில் எச்.பி. கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை. காற்றுமண்டலத்துக்கு எச்.பி. கூட்ட யாராலும் முடியாது. மோட்டாரைக் கீழே இறக்கி மேடை கட்டி வைக்கணும், அல்லது ஜெட் பம்பு, நீர்மூழ்கி என்று மாறணும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். மோட்டார் ஓடும்போது சக்‌ஷன் குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதில் ஊசித் துளை இருந்தால் தண்ணீர் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். “ஒரு சொட்டுகூட ஒழுகலையே, அப்புறம் எப்படி ஓட்டை?” என்று கேட்பது இதனால்தான் தவறு.

சக்‌ஷன் பக்க ஓட்டையைக் கண்டுபிடிக்க

மோட்டார் ஓடும்போது, தண்ணீருக்கு மேலே உள்ள ஒவ்வொரு மூட்டிலும் கெட்டியான சோப்பு நுரையைத் தடவுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடும். கைக்கு எட்டுகிற மூட்டில் பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிச் சுற்றிப் பார்க்கலாம். சுற்றியதும் காற்று நின்றால் அந்த மூட்டுதான். சுற்றிய டியூப் தற்காலிக வைத்தியம். மூட்டைப் பிரித்து டெஃப்ளான் டேப் சுற்றி, அல்லது புதிதாக ஒட்டிச் சரிசெய்யணும்.

அடுத்தது மோட்டாரை நிறுத்திச் செய்வது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பம்பின் மேலே தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து விளிம்பு வரை நிரப்புங்கள். பத்து நிமிஷம் பாருங்கள். மட்டம் அசையாமல் நின்றால் ஃபுட் வால்வும் குழாயும் நன்றாக இருக்கின்றன. மட்டம் இறங்கினால் இரண்டில் ஒன்று கெட்டிருக்கிறது. இப்போது குழாய்க்குள் இருப்பது நின்ற தண்ணீர் என்பதால் ஓட்டை வழியே வெளியே ஒழுகும். கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடம் ஈரமாக மினுங்கும். குழாய் முழுக்கக் காய்ந்திருந்தும் மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வு ஒழுகுகிறது.

ஃபுட் வால்வு அடைக்காததற்குப் பெரும்பாலும் குச்சி, நத்தை ஓடு, மணல்தான் காரணம். ஆற்றங்கரைக் கிணறுகளில் மணல் அதிகம் மாட்டும். மடல் தேய்ந்திருந்தால் மாற்றணும். சல்லடை கிழிந்திருந்தால் அதையும் மாற்றாமல் விடாதீர்கள்.

பழைய பம்பு என்றால் கிளாண்டு கயிற்றையும் பாருங்கள். ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழணும். “சொட்டு விழக்கூடாது” என்று இறுக்கி முறுக்கினால் கயிறு கருகி, பிறகு அந்த வழியே காற்று நுழையும்.

குழாய் போட்ட விதமும் காரணமாக இருக்கலாம். சக்‌ஷன் குழாய் கிணற்றிலிருந்து பம்பு வரை ஏறுமுகமாகவே வரணும். நடுவில் ஒரு இடத்தில் மேடு தட்டினால் அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும். வளைவுகள் குறைவாகவும், குழாய் பம்பின் வாயைவிட ஒரு அளவு பெரியதாகவும் இருப்பது நல்லது.

கிணற்றுக் கணக்கு

மேலே சொன்ன சோதனைகளில் குழாய் தேறிவிட்டது, ஆனாலும் ஒரு மணி நேரத்தில் காற்று வருகிறது என்றால் கிணற்றை அளக்கணும்.

20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி? 15 வினாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 80 லிட்டர், மணிக்கு 4,800 லிட்டர். இது எடுப்பு.

10 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடி ஆழத்துக்குச் சுமார் 2,200 லிட்டர் நிற்கும். மோட்டாரை நிறுத்தியபின் ஒரு மணி நேரத்தில் மட்டம் ஒரு அடி ஏறினால் ஊற்று மணிக்கு 2,200 லிட்டர். இது வரவு.

வரவு 2,200, எடுப்பு 4,800. மணிக்கு 2,600 லிட்டர் பற்று. மட்டம் மணிக்கு ஏறத்தாழ 1.2 அடி இறங்கும். ஃபுட் வால்வுக்கு மேலே 3 அடி தண்ணீர் இருந்து, ஒன்றரை அடிக்குக் கீழே போனால் சுழி விழும் என்றால், சுமார் ஒண்ணேகால் மணி நேரத்தில் காற்று பிடிக்கத் தொடங்கும். உங்கள் நோட்டில் எழுதிய நேரமும் இந்தக் கணக்கும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். குறை மோட்டாரில் இல்லை. நாம் எடுக்கிற வேகம் ஊற்று தருகிற வேகத்தைவிடக் கூடுதல். இங்கே பெரிய மோட்டார் போட்டால் காற்று இன்னும் சீக்கிரம் வரும்.

இதற்கு உடனடி வழி, டெலிவரி பக்கம் உள்ள கேட் வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டத்தைக் குறைப்பது. சக்‌ஷன் பக்கம் ஒருபோதும் மூடக் கூடாது. நீண்ட நேரம் ஒரே மூச்சில் ஓட்டாமல், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரித்து ஓட்டுங்கள். நீர்ப்பரப்பில் சுழி தெரிந்தால் ஒரு மரப்பலகையை மிதக்கவிட்டால் சுழி உடையும். ஃபுட் வால்வு எந்த நாளும் நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி கீழேயும், அடிமண்ணுக்கு ஓர் அடிக்கு மேலேயும் இருக்கும்படி தொங்கவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணிக் கரையில் கிணறுகளும் மோட்டார் அறைகளும் மூழ்கின. அப்படி வெள்ளம் புகுந்த கிணற்றில் வண்டல் படிந்து அடிமட்டம் உயர்ந்திருக்கும். கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழத்தை அளந்து, பழைய ஆழத்தோடு ஒப்பிடுங்கள். ஃபுட் வால்வு சேற்றில் புதைந்திருந்தால் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டார் திணறும்.

போர் வைத்த வீடுகள்

மானூர், வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆற்றுப் பாசனத்துக்கு வெளியே உள்ள பல வீடுகளுக்கு போர்தான் ஆதாரம். போரில் கிணற்றுக் கணக்கு வேறு. ஆறரை அங்குல போரில் ஒரு அடிக்கு ஆறரை லிட்டர்தான் நிற்கும். 100 அடி தண்ணீர் நின்றாலும் மொத்தம் 650 லிட்டர். நிமிஷத்துக்கு 80 லிட்டர் எடுக்கும் மோட்டார், ஊற்று வராவிட்டால் எட்டே நிமிஷத்தில் அதைக் காலி செய்துவிடும். ஆகவே போரில் தண்ணீர் “இருப்பு” என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. பாறை வெடிப்பில் இருந்து வருகிற வரவுதான் எல்லாம்.

நீர்மூழ்கி மோட்டாரில் போட்டவுடன் மட்டும் காற்று தள்ளினால், மோட்டார் தலையில் உள்ள ஒருவழி வால்வு ஒழுகுகிறது, அல்லது தொங்கும் குழாயில் ஓட்டை. ஓட்டை என்றால், மோட்டார் ஓடும்போது போர் வாயில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். சத்தம் கேட்பதாலேயே ஓட்டை என்று முடிவு செய்துவிடவும் கூடாது. நீர்மட்டம் இறங்கிய கோடையில், மேலே உள்ள பாறை வெடிப்பிலிருந்து ஊற்று நீர் அருவி மாதிரி உள்ளே விழும். அதுவும் சத்தம் போடும், காற்றையும் கலந்துவிடும். மோட்டாரை நிறுத்திய பிறகும் சத்தம் வெகுநேரம் தொடர்ந்தால் அது ஊற்று. நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அடங்கினால் குழாய் ஓட்டையைச் சந்தேகிக்கலாம்.

சில நிமிஷம் கழித்துக் காற்று வருகிறது என்றால், கேட் வால்வைப் பாதி மூடிப் பாருங்கள். காற்று நின்றால் போர் வரவு குறைந்திருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். காற்றில் ஓடினால் காயில் கருகிவிடும். தண்ணீர் இல்லாதபோது தானாக நிறுத்தும் கருவி ஒன்றை ஸ்டார்ட்டரோடு சேர்த்துப் போடுவது ரீவைண்டிங் செலவைவிடக் குறைவு.

கம்ப்ரசர் மோட்டார் வைத்தவர்கள் காற்று வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அதன் வேலையே காற்றைப் போருக்குள் செலுத்தி, காற்றும் தண்ணீரும் கலந்து மேலே எழும்பச் செய்வதுதான். விட்டு விட்டுத்தான் வரும். ஆனால் முன்பைவிடக் காற்று கூடி, தண்ணீர் குறைந்தால் நீர்மட்டம் இறங்கி, காற்றுக் குழாய் தண்ணீரில் மூழ்கியிருக்கும் நீளம் குறைந்துவிட்டது என்று பொருள். கூடவே தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா என்றும் பாருங்கள். கம்ப்ரசரின் ரிங் தேய்ந்தால் ஆயில் காற்றோடு போய்க் குடிதண்ணீரில் கலக்கும்.

மேல்தொட்டியும் கரைசல் தொட்டியும்

மேல்தொட்டி ஒருமுறை முழுக்கக் காலியானால் இறங்கு குழாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். தொட்டி நிரம்பிய பிறகும் குழாய் செருமும். எல்லாவற்றிலும் தாழ்வான குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் காற்று வெளியேறும். அடிக்கடி நடந்தால், தொட்டியை விட்டு வெளிவரும் இடத்தில் ஒரு சின்னக் குழாயை மேல்நோக்கித் தொட்டியின் விளிம்புக்கு மேல் போகும்படி வைத்துவிடுங்கள். காற்று அந்த வழியே போய்விடும்.

வீட்டுத் தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டிருந்தால் குழாயின் மேடான இடத்தில் ஏர் வால்வு அவசியம். இல்லையென்றால் மோட்டார் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, சொட்டுவான் துளை வழியே சேற்றை உறிஞ்சும்.

நம் இயற்கை உழவர்களிடம் மட்டும் காணும் ஒரு காரணமும் உண்டு. வடிகட்டிய அமிர்தக் கரைசல், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் இவற்றை வென்ச்சுரி வழியாக விடுகிறோம். டிரம்மில் கரைசல் தீர்ந்ததும் வென்ச்சுரி காற்றை இழுக்கத் தொடங்கும். சொட்டுநீரில் காற்று வருகிறதே என்று கிணற்றைப் போய்ப் பார்ப்பவர்கள் முதலில் டிரம்மைப் பார்க்கணும்.

இதைவிடக் கவலையானது, சிலர் சுலபமாக இருக்கிறது என்று சக்‌ஷன் குழாயிலேயே ஒரு துளை போட்டு, சின்ன டியூப் வழியாகக் கரைசலை இழுக்க வைப்பது. அந்தத் துளை சரியாக மூடாவிட்டால் காற்று பிடிக்கும் என்பது சின்ன விஷயம். மோட்டார் நின்றதும், ஃபுட் வால்வு ஒழுகினால், கரைசல் நேராகக் கிணற்றுக்குள் இறங்கும். சாணம் கலந்த கரைசல் மண்ணுக்கு அமுதம். குடிக்கிற கிணற்றுக்கு வயிற்றுப்போக்கு. குடிநீர்க் கிணறாக இருந்தால் சக்‌ஷனில் எதையும் இணைக்கவே கூடாது. தண்ணீரை முதலில் ஒரு தொட்டிக்கு ஏற்றி, அந்தத் தொட்டியில் கரைசலைக் கலந்து விடுவதுதான் பாதுகாப்பு.

கிணற்றுக்குள் இறங்கும் முன்

ஃபுட் வால்வு மாற்றவும், தூர் எடுக்கவும், கிணற்று மேடையில் இருக்கும் மோட்டாரைப் பழுது பார்க்கவும்தான் நம் ஊர்களில் ஆட்கள் கிணற்றுக்குள் இறங்குகிறார்கள். உயிர் போவதும் இங்கேதான். நாள்கணக்கில் மூடிக் கிடந்த கிணற்றில், தழை அழுகிய கிணற்றில், கரியமில வாயு அடியில் தேங்கி நிற்கும். அது காற்றைவிடக் கனமானது. நிறமும் வாடையும் கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது.

விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் பெரியவர்கள் வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்பது உண்மை இல்லை. விஷவாயு இருந்தும் விளக்கு எரியும். மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கக் காரணமாகும். வேப்பங்கொப்பை இறக்கி அசைப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் காற்றைக் கொஞ்சம் கலக்கும், உத்தரவாதம் ஆகாது. டீசல், பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும்.

ஒருத்தர் உள்ளே மயங்கி விழுந்தால், “தம்பியைத் தூக்கிட்டு வந்துடுறேன்” என்று அடுத்தவர் குதிப்பதால்தான் ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாவு நடக்கிறது. குதிக்காதீர்கள். 101-க்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையை வரவழையுங்கள். அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கிறது.

நல்ல வழி, இறங்க வேண்டிய தேவையே இல்லாதபடி அமைப்பது. சக்‌ஷனுக்கு வளையும் ஹோஸ் போட்டு, ஃபுட் வால்வில் நைலான் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கரையில் கட்டிவையுங்கள். குச்சி மாட்டினால் கரையில் நின்றே மேலே இழுத்துச் சுத்தம் செய்துவிடலாம். மோட்டார் பக்கம் கை வைக்கும் முன் மெயினை அணைப்பதும், எர்த் கம்பி சரியாக இருப்பதும் சொல்லாமலே தெரிய வேண்டியவை.

கால்வாய் வற்றினால் கிணறும் வற்றும்

எல்லாச் சோதனையும் முடித்து, ஊற்றுதான் குறைந்திருக்கிறது என்று தெரிந்த வீட்டுக்கு என்ன வழி?

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து 11 கால்வாய்கள். கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் என்று இந்தக் கால்வாய்கள் நிரப்புகிற குளங்களின் கீழேதான் நம் கிணறுகள் பலவும் இருக்கின்றன. காருக்கும் பிசானத்துக்கும் தண்ணீர் திறந்ததும் கால்வாய்க்கரைக் கிணறுகளில் மட்டம் ஏறுவதும், கால்வாயை அடைத்தபின் சித்திரையில் இறங்குவதும் எல்லோரும் பார்த்ததே. அப்படி வருஷா வருஷம் சித்திரையில் மட்டும் காற்று பிடிக்கிற கிணற்றுக்குப் புது போர் தேவையில்லை. ஃபுட் வால்வைக் கொஞ்சம் இறக்கி, எடுப்பைக் குறைத்து, தோட்டத்துக்கு மூடாக்குப் போட்டு இரண்டு மாதம் சமாளித்தால் போதும். கால்வாய் ஓடும் காலத்திலும் மட்டம் ஏறவில்லை என்றால்தான் கவலைப்படணும். அப்போது குளத்து மடை, வரத்துக்கால், ஆக்கிரமிப்பு, தூர் என்று ஊர் கூடிப் பார்க்க வேண்டிய வேலை வருகிறது. ஒரு வீட்டு மோட்டாரால் அது தீராது.

கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்கு விடுவதும் நல்லது. ஆனால் நேராக விடாமல், கூழாங்கல், ஜல்லி, மணல் போட்ட வடிகுழி வழியாக விடுங்கள். திசையன்விளை அருகே ஆயன்குளம் கிணறு 2021 மழையில் வெள்ளத்தை விடாமல் விழுங்கியதைப் பார்த்து, “நம்ம கிணத்துக்கும் ஓடைத் தண்ணியைத் திருப்பலாமே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அங்கே பார்த்தது சுண்ணாம்புப் பாறைக்குள் உள்ள குகை போன்ற வழிகள். நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை. அந்த வேகத்தில் உறிஞ்சாது. கலங்கல் தண்ணீரை விட்டால் ஊற்றுக் கண்கள் வண்டலால் அடைபடும், குடிதண்ணீரும் கெடும்.

சுவரில் ஒட்டிவைக்க

போட்டவுடன் மட்டும் காற்று: ஃபுட் வால்வு அல்லது ஒருவழி வால்வு.

ஓடும் நேரம் முழுக்கக் காற்று: சக்‌ஷன் மூட்டு, கிளாண்டு. சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் காற்று: ஊற்று வரவு குறைவு. கேட் வால்வைக் குறைத்து, பிரித்து ஓட்டுங்கள்.

ஜல்லி உருளும் சத்தம்: நீர்மட்டம் ஆழத்துக்குப் போய்விட்டது. மோட்டாரைக் கீழே இறக்குங்கள்.

வீட்டுக்குழாயில் மட்டும் காற்று: தொட்டி இறங்கு குழாய்.

சொட்டுநீரில் மட்டும் காற்று: கரைசல் டிரம், வென்ச்சுரி.

போர் வண்டிக்குச் சொல்லி அனுப்பும் முன் இந்த ஆறையும் பார்த்துவிடுங்கள். கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு அமாவாசை என்றாவது, கயிற்றில் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு வருஷக் குறிப்பு கையில் இருந்தால், அடுத்த சித்திரையில் காற்று வரும்போது, கிணறு வழக்கம்போல்தான் இறங்கியிருக்கிறதா, வழக்கத்தைவிட அதிகமா என்று யாரையும் கேட்காமல் நீங்களே சொல்லிவிடலாம்.